மாமி பூச்சையின் கட்சி

என் மாமியார் இரண்டு கண்ணையும் மூடி ஜெபம் செய்து நான் பார்த்ததில்லை. சாயங்காலம் முன்னறையில் பாய் விரித்து இருவரும் முட்டுக்குத்துவோம். மாமி தோளில் கிடக்கும் துவர்த்துத் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு உரக்க ஜெபிக்கத் தொடங்குவாள். நெய்யாற்றின்கரையில் கடை வைத்திருக்கும் மூத்த மகன், துபாயில் இருக்கும் இளைய மகன், மழை, ரப்பர், முட்டையிடாத கோழி என்று ஒன்றையும் விடாமல் ஆண்டவரிடம் சொல்வாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே இடது கண் கொஞ்சம் திறந்திருக்கும். அது வாசலைப் பார்க்கும். அப்புறம் என்னைப் பார்க்கும். நானும் கண்ணை மூடாமல் இருந்ததால்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

வெள்ளறடையிலிருந்து அம்பூரி போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்தது அந்த வீடு. நான் பாறசாலைக்காரி. ரெயில் சத்தம் கேட்டு வளர்ந்தவள். கல்யாணம் முடிந்து இரண்டாம் மாதம் என் கணவர் துபாய்க்கு விமானம் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நானும் மாமியும்தான்.

மாமியிடம் யார் எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான். "பாக்கலாம்." இன்றைக்கு மழை வரும் என்றால் பாக்கலாம். அரிசி நல்ல அரிசி என்று கடைக்காரர் சொன்னால் பாக்கலாம். பொழியூரிலிருந்து மீன் கொண்டுவருகிறவள் கூடையை இறக்கி வைத்து, "அம்மச்சி, விடியக்காலம் பிடிச்ச மீனாக்கும்" என்பாள். மாமி ஒரு மீனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்து அதன் கண்ணையே பார்ப்பாள். "இது என்னைப் பாக்க மாட்டேங்குதே பிள்ளே" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் திருப்பி வைத்துவிடுவாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை, அதே ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த வேறு யாருடைய மாத்திரையோடாவது சேர்த்து வைத்துப் பார்த்த பிறகுதான் விழுங்குவாள். தபால்காரர் கொஞ்சம் சிரித்துப் பேசிவிட்டால் போதும். "இவன் இன்னைக்கு என்னத்துக்கு இப்பிடி இளிக்கான்?" என்று அவர் போன வழியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

பிறக்கும்போதே அப்படி இருந்தவள் இல்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

எங்கள் தோட்டப் பறம்பின் தெற்கு மூலையில் செல்லம்மை என்றொருத்தி குடியிருந்தாள். மரச்சீனிக் கிழங்கு நடவும் காவலுக்குமாக, அப்போது உயிரோடிருந்த மாமனார் அவளையும் அவள் புருஷனையும் அங்கே குடிசை போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார். மாமியும் அவளும் ஒரே வயது. ஒரே அம்மியில் அரைத்தவர்கள். என் கணவர் பிறந்தபோது பேற்றுக்காரி வந்து சேர்வதற்குள் பிள்ளையைக் கையில் வாங்கியதே செல்லம்மைதான். அப்புறம் சட்டம் வந்தது. குடிசை போட்டுக் கிடக்கிறவர்களுக்கு அதைச் சுற்றிப் பத்து சென்ட் சொந்தம், அதற்குப் பட்டயம் என்கிற பட்டாவும் உண்டு என்றது அந்தச் சட்டம். குடிகிடப்பு என்பார்கள். செல்லம்மையும் புருஷனும் எங்கள் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மனு கொடுத்துவிட்டார்கள்.

"அளக்க ஆளு வந்தப்போ நான் ரோடு போட வந்தவனுவண்ணு நெனச்சேன் பிள்ளே" என்று மாமி சொல்வாள். "நல்ல வெயிலு. பாவங்கள் வேர்த்து ஒழுகி நிக்குதேன்னு இளநி வெட்டிக் குடுத்தேன். சங்கிலிக்க ஒரு தலையை அவன் பிடிச்சிருக்கான், மறு தலையை எனக்க செல்லம்மை பிடிச்சிருக்கா. அப்பவும் எனக்கு மனசிலாகல்ல. நானும் சிரிச்சேன், அவளும் சிரிச்சா."

பத்து சென்ட் போனதைவிட அந்த இளநீர்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அன்று முதல் பேச்சு நின்றது.

செல்லம்மைக்கும் அவள் நியாயம் இருந்தது. ஒருநாள் கிணற்றடியில் என்னிடம் மெல்லச் சொன்னாள். "கேட்டா தருவாளா மக்கா? ஒவ்வொரு மழைக்கும், இண்ணைக்கு எறங்கச் சொல்லுவாவளோ நாளைக்குச் சொல்லுவாவளோண்ணு பயந்து கெடந்தவளாக்கும் நான். எனக்கும் பிள்ளைகள் உண்டும்."

பேச்சு நின்றாலும் சண்டை நிற்கவில்லை. மாமி கோழியைப் பார்த்துத் திட்டுவாள், அது செல்லம்மைக்கு. செல்லம்மை ஆட்டைப் பார்த்துப் பதில் சொல்வாள், அது மாமிக்கு. ஓலை விழுந்தாலும் தேங்காய் காணாமல் போனாலும் மாமியின் கண் முதலில் தெற்கு மூலைக்குத்தான் போகும். இரண்டாவதாக என் பக்கம் திரும்பும்.

இரண்டு வருஷம் கழித்து அவர் ஆள் மூலம் ஒரு டி.வி.யும் வி.சி.ஆரும் கொடுத்தனுப்பினார். ஊரில் இரண்டாவதோ மூன்றாவதோ டி.வி. கூடவே கொஞ்சம் கேசட்டுகள். மலையாளப் படங்களை மாமி பார்க்க மாட்டாள். "அழுகதுக்கும் சம்பளம் வாங்குகான். அவனுக்க கண்ணீரு எனக்கென்னத்துக்கு?" என்று எழுந்து போய்விடுவாள். அண்ணன் பிள்ளைகளுக்கென்று அவர் வாங்கியிருந்த ஒரு கேசட்டும் அதற்குள் கலந்து வந்திருந்தது. அதில் ஒரு சின்ன கார்ட்டூன் படம். பேச்சே கிடையாது, வாத்தியச் சத்தம் மட்டும். மாமி அந்த ஒன்றில் மாட்டிக்கொண்டாள்.

ஒரு வீடு. வீட்டில் ஒரு கறுத்த பூனை. சுவரடிப் பொந்தில் ஒரு எலி. மேசைமேல் ஒரு பெரிய கேக். அதற்கு ஒன்றும் ஆகாமல் பூனை காவல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் கதை. எலி வரும், பூனை துரத்தும், பூனை ஓங்கின சட்டி பூனையின் காலிலேயே விழும். எலி அதன் வாலில் நூலைக் கட்டி ஃபேனில் மாட்டிவிடும். பூனை கிறுகிறுவென்று சுற்றிச் சுவரில் அப்பளமாக ஒட்டும். உடனே உதறிக்கொண்டு எழுந்து மறுபடி துரத்தும்.

எங்கள் பக்கத்தில் பூனையைப் பூச்சை என்போம். மாமி முதல் நாளே பூச்சையின் கட்சியில் சேர்ந்துவிட்டாள்.

"கேக்கு யாருக்க கேக்கு? வீட்டுக்காரனுக்க கேக்கு. பூச்சைக்கு என்ன வேலை? காவலு. எலிக்கு அங்க என்ன காரியம்? சொல்லு பாப்போம். அடி முழுக்க காவல் இருக்கதுக்கு. இதில சிரிக்க என்ன இருக்கு?"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் தெற்கு ஜன்னலுக்கு வெளியே சிரிப்பு அடங்காது. வேலிக்கு அப்புறம் தன் முற்றத்தில் நின்றுகொண்டு செல்லம்மை எங்கள் டி.வி.யைப் பார்ப்பாள். எலி தப்பும்போதெல்லாம் கை தட்டிச் சிரிப்பாள். ஒருநாள் மாமி எழுந்து ஜன்னலருகே போய் நின்று, என்னிடம் சொல்வதுபோலச் சொன்னாள். "பாத்தியா பிள்ளே, எலிக்குக் கை தட்டவும் ஆளு உண்டும்."

செல்லம்மை தன் ஆட்டிடம் கேட்டாள். "சிரிக்கதுக்கும் பட்டயம் வேணுமோடீ?"

மாமி ஜன்னலைச் சாத்துவாள் என்று நினைத்தேன். சாத்தவில்லை. காற்று வேண்டும் என்றாள். அந்த மாதம் நல்ல மழைக் குளிர்.

பார்க்கப் பார்க்க மாமிக்குப் படத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. அடித்தும் சாகவில்லை, விழுந்தும் சாகவில்லை, அதெப்படி? "இதுக ரெண்டும் ஒத்துக்கிட்டாக்கும் ஆடுகது. நம்மளை ஏச்சுப் பொட்டியாக்குகதுக்கு" என்றாள். படத்தின் நடுவில் ஓரிடம் உண்டு. எலி கால் தவறி வெளியே முற்றத்தில் விழுந்துவிடும். அங்கே ஒரு பெரிய நாய். நாய் வாயைத் திறந்துகொண்டு வரும்போது பூனை மதில் தாண்டிக் குதித்து, நாயின் தலையில் ஒரு வாளியைக் கவிழ்த்துவிட்டு, எலியை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவரும். உள்ளே வந்ததும் கீழே போட்டு மறுபடி துரத்தத் தொடங்கும். அந்த இடம் வந்தாலே மாமி முன்னால் குனிவாள்.

"நிறுத்து. திருப்பிப் போடு."

போடுவேன்.

"அது சத்தா பூச்சைக்கு நிம்மதிதானே? பின்ன என்னத்துக்கு எடுத்திட்டு வருது? இதில என்னமோ உண்டு பிள்ளே."

"அதுக்குச் சாகவிட மனசில்லை மாமி."

"பாக்கலாம்" என்றாள். அடுத்த நாளும் போடச் சொன்னாள்.

இப்படி நிறுத்தியும் திருப்பியும் போட்டதில் ஒருநாள் கேசட் உள்ளே சிக்கி, நாடா சுருண்டு, பெட்டி நின்றுவிட்டது. பாறசாலையிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம். ராஜன் என்று பெயர். எனக்குச் சமவயதிருக்கும், சிரித்த முகம். அவன் முன்னறையில் பெட்டியை அவிழ்க்க உட்கார்ந்தபோது மாமி முக்காலியை இழுத்து அவன் முதுகுக்குப் பின்னாலேயே போட்டு உட்கார்ந்தாள்.

"எலே மக்கா, அழிச்சு எடுத்ததையெல்லாம் இந்தத் தட்டில வை. கையில ஒண்ணும் வச்சுக்கிடாத."

"அம்மச்சிக்கு என்னை விசுவாசம் இல்லியா?" என்று அவன் சிரித்தான்.

"நீ உனக்க வேலையைப் பாரு."

நான் சாயா போட்டு எடுத்து வந்தால் அடுக்களை வாசலிலேயே வாங்கி அவளே கொண்டுபோய்க் கொடுப்பாள். ராஜன் திரும்பவும் வர வேண்டியிருந்தது. ஏதோ ஒரு சாமான் திருவனந்தபுரத்திலிருந்து வரவேண்டும் என்றான். ஒவ்வொரு முறையும் முக்காலி, தட்டு, அடுக்களை வாசல். எனக்கு மானமே போயிற்று. இவள் என்னை என்னவென்று நினைத்திருக்கிறாள் என்று கொல்லையில் நின்று அழுதிருக்கிறேன்.

அந்த நாட்களில்தான் வெள்ளறடை சந்திப்புப் பக்கத்து நேசன் என்பவன் விடுமுறை முடிந்து துபாய்க்குக் கிளம்பினான். அவருக்கு அறைத் தோழன். முன்னறையில் பெட்டி அவிழ்ந்து கிடப்பதைப் பார்த்து, மெக்கானிக் எத்தனை தடவை வந்தான் என்று என்னிடம் விசாரித்தான். வறுத்த பலாச்சக்கையும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தோம். மாமி அவனைப் படிவரைக்கும் கொண்டுபோய் விட்டு, குரலைத் தாழ்த்தி நெடுநேரம் என்னமோ சொன்னாள். நான் அருகே போனதும் பேச்சை நிறுத்திவிட்டாள். நேசன் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு சிரிப்பு இருந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். நெய்யாற்றின்கரையிலிருந்து மூத்த அத்தான் கார் பிடித்து வந்து இறங்கினார். என் அப்பாவுக்கும் முன்னாலேயே சொல்லி அனுப்பியிருந்திருக்கிறார். பின்னால் பஸ்ஸில் அவரும் வந்தார். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். துபாயிலிருந்து கடைக்கு போன் வந்ததாம். வீட்டுக்கு டி.வி. மெக்கானிக் அடிக்கடி வந்து போகிறானாம். இவர் லீவில் வருகிற வரைக்கும் என்னை என் வீட்டில் கொண்டுவிட வேண்டுமாம்.

"எனக்கொண்ணும் தெரியாது. தம்பி சொன்னதைச் செய்யுகேன், அவ்வளவுதான்" என்றார் அத்தான். "பெட்டியை எடுத்துக்கிட்டு அப்பாகூடக் கார்ல ஏறு."

போன வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவளுக்கு எங்கள் ஊரில் என்ன கதி என்று எனக்குத் தெரியும். நான் யாரையும் பார்க்கவில்லை. மாமியைத்தான் பார்த்தேன். படியில் நின்று நேசனிடம் கிசுகிசுத்த அந்த முகத்தைப் பார்த்தேன். சொன்னது இவள்தான் என்று நினைத்தேன்.

மாமி தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். "யாருலே அவனிட்ட சொன்னது?" என்றாள் மகனிடம்.

"நேசன்னு நெனைக்கேன். நீங்கதானேம்மா அவனிட்ட பேசினியளாம்?"

"பேசினேன். எனக்க மவன் அங்க நேரத்துக்குத் திங்குகானா, வேற தொடுப்பு வல்லதும் உண்டாண்ணு பாத்துச் சொல்லணும்ணாக்கும் பேசினேன். இவளைப் பத்தி நான் என்னத்துக்குச் சொல்லணும்? சொல்ல என்ன இருக்கு?"

"எதுக்கும் நெருப்பில்லாம..." என்று தொடங்கினார் அத்தான்.

"கேளுலே. அந்தப் பய வந்த நேரமெல்லாம் நான் அவனுக்க முதுகுக்குப் பொறத்தால இருந்தேன். மூத்திரம் போகக்கூட எந்திரிக்கல்ல. இவ சாயாக் கிளாசைக் கூட அவனுக்குக் கையில குடுக்கல்ல. நான் விடல்ல. இந்த வீட்டுக்கு வந்த நாளு தொட்டு இவளை நான் பாத்துக்கிட்டிருக்கேன். உறங்குகதையும் பாத்தேன், குளிக்கப் போகதையும் பாத்தேன். தப்பு உண்டுமான்னு தேடித்தான் பாத்தேன். இருந்தா நானே இவளை வெளிய தள்ளியிருப்பேன். நீ வரண்டாம்."

"நீங்க பெத்த தாய்தான். வீட்டு ஆளு சொன்னா ஊரு நம்புமா?"

மாமி தெற்கு ஜன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கோழியையோ காற்றையோ பார்க்காமல், நேராகக் கூப்பிட்டாள்.

"செல்லம்மே!"

மறுபடியும் கூப்பிட்டாள். "எட்டி செல்லம்மே, இஞ்ச வா!"

செல்லம்மை ஈரக்கையை முண்டில் துடைத்தபடி வந்தாள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு எங்கள் முற்றத்தில் கால் வைத்தாள். படி ஏறவில்லை. கீழேயே நின்றாள்.

"நீ எனக்க வீட்டுக்குள்ள எந்நேரமும் எட்டிப் பாக்கவளாக்கும்" என்றாள் மாமி. "உனக்கு என்னைக் கண்டா ஆகாது. இந்த வீட்டில ஒரு கொறை கண்டா ஊரெல்லாம் சொல்லியிருப்பே. பாத்ததைச் சொல்லு."

செல்லம்மை என்னைப் பார்த்தாள். அத்தானைப் பார்த்தாள். அவள் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது அப்படித்தான் தோன்றியது. மாமியை ஊர் முன்னால் தலைகுனிய வைக்க ஒரு வார்த்தை போதும்.

"பாவம், அந்தப் பய சாயா குடிச்சது எப்பிடிண்ணு எனக்குத் தெரியும்" என்றாள் செல்லம்மை. "இந்தம்மை பின்னால இருந்து பாத்த பார்வையில அவனுக்குத் தொண்டையில எறங்கல்ல. இந்தம்மை காவல் இருக்குத வீட்டில ஒரு கொசு நொழைய முடியாது. அப்பொறமில்லியா ஆளு! தங்கமான பெண்ணாக்கும் சாரே. அனுப்பிச்சா பாவம் உங்களுக்கு."

அப்பா அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். நிமிர்த்தினவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அத்தான் சாயா வேண்டாம் என்றார். காரில் ஏறும்போது, தம்பிக்கு போன் போட்டுச் சொல்கிறேன் என்றார்.

செல்லம்மை யாரும் சொல்லாமலே திரும்பி நடந்தாள். மாமி அவளுக்கு நன்றி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வேலியில் சாய்ந்து கிடந்த ஓலைக்காகக் கோழியைத் திட்டியதும் கேட்டது, ஆடு பதில் வாங்கியதும் கேட்டது.

அத்தான் வந்துபோன அன்று சாயங்காலமே நான் மாமியின் காலைப் பிடிக்கப் போனேன். காலை இழுத்துக்கொண்டாள்.

"உன்னை நம்பிச் சொன்னேன்னு நெனைக்காத. பாத்ததைச் சொன்னேன்."

ராஜன் பிறகு வரவே இல்லை. பெட்டி அப்படியே கிடந்தது.

ஆறேழு மாதம் கழித்து அவர் லீவில் வந்தார். சென்ட், சோப்பு, எனக்கு இரண்டு சேலை. முதல் நாள் முழுக்க நான் அவரிடம் பேசவில்லை. மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் தானாகவே தொடங்கினார். நேசன் அதை ஒரு தமாஷாகச் சொன்னானாம். உன் அம்மா என்னை உனக்கு சி.ஐ.டி.யாக வைத்திருக்கிறாள், அங்கே உன் பெண்டாட்டிக்கு டி.வி. ரிப்பேர் நடக்கிறது என்று அறையில் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தானாம். மற்றவர்களும் சிரித்தார்களாம். அதற்குப் பிறகு அவருக்கு உறக்கம் இல்லையாம்.

"பின்ன அம்மை சொன்னதினாலயாக்கும் எனக்குச் சமாதானம் ஆச்சு" என்றார்.

மீன் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்த மாமி கரண்டியை நிறுத்தினாள்.

"அவ சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டியோ?"

அவர் சோற்றைப் பிசைந்தார்.

"நானும் சந்தேகப்பட்டவதான். ஆனா பக்கத்தில இருந்து, கண்ணு முழிச்சுப் பாத்தேன். பாத்த பொறவு இல்லேன்னு சொன்னேன். நீ பாக்காமலே போன் போட்டே. அவளிட்ட ஒரு வாக்கு கேட்டியாலே? கேளு. இப்ப கேளு. தின்னுகதுக்கு முன்னால."

அவர் கையை அலம்பாமல் எழுந்து என் பக்கம் வந்தார். என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்பதெல்லாம் எங்கள் இருவருக்குள் இருக்கட்டும். மாமி அப்போது முற்றத்துக்குப் போய் நின்றுகொண்டாள். அன்றைக்கு மட்டும் அவள் பார்க்கவில்லை.

அதிலிருந்து மூன்றாம் வருஷம் எனக்கு விசா வந்தது. கிளம்பும் நாளில் மாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவன் சொல்லுகதையெல்லாம் உடனே நம்பாத. பாரு" என்றாள். ஆசீர்வாதம் என்று அவள் எனக்குத் தந்தது அதுதான்.

மாமி இறந்தபோது நான் துபாயில் இருந்தேன். பிள்ளைப்பேற்றுக் காலம், உடனே வர முடியவில்லை. குழந்தையோடு ஊருக்கு வந்ததும் செல்லம்மைதான் நடந்ததைச் சொன்னாள். ஒரு காலையில் வெகுநேரமாகத் திட்டுச் சத்தமே கேட்கவில்லையாம். அதுவே அவளுக்குச் சரியாகப் படவில்லையாம். வேலியைத் தாண்டி வந்து பார்த்தால் மாமி கிணற்றடியில் விழுந்து கிடந்தாள். ஆளைக் கூட்டி, ஜீப் பிடித்து, நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது செல்லம்மை. அத்தான் வந்து சேரும்வரை கட்டிலருகே இருந்ததும் அவள்தான்.

"கண்ணு தெறந்ததும் முதல்ல, வீட்டைப் பூட்டினியாண்ணு கேட்டா. பூட்டினேன்னேன். தாக்கோல் எங்கண்ணா. இன்னா இருக்குண்ணு எடுத்து அவளுக்க கையில வச்சேன். வாங்கி ஒருக்கா தடவிப் பாத்தா. பொறவு எனக்க கையிலயே திருப்பி வச்சு, விரலை மடக்கிவிட்டா. 'உனக்கட்டே இருக்கட்டு பிள்ளே'ண்ணு சொன்னா. அதுக்குப் பொறவு பேச்சில்ல."

செல்லம்மை சாவியை என்னிடம் நீட்டினாள். எங்கள் வீட்டுச் சாவி, இத்தனை நாளும் அவள் மடியில் இருந்தது.

"பிள்ளேண்ணு அவ என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்ல மக்கா. உன்னையாக்கும் அப்பிடிக் கூப்பிடுவா. நீயிண்ணு நெனச்சுத் தந்திருப்பா" என்றாள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் கடலுக்கு அப்பால் இருப்பது மாமிக்குத் தெரியும். யார் கையில் எதைக் கொடுக்கிறோம் என்று பார்க்காமல் கொடுக்கிறவள் அல்ல அவள். செல்லம்மை என்று அறிந்துதான் கொடுத்திருப்பாள் என்றேன். செல்லம்மை தலையை ஆட்டி மறுத்தாள். வெகுநேரம் சாவியை நடுவில் வைத்துக்கொண்டு, உனக்கு என்று நானும் எனக்கு அல்ல என்று அவளுமாக உட்கார்ந்திருந்தோம்.